துருப்பிடிக்காத கத்தி வெட்டுமா?

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரமாகச் சென்றால் தருவைகுளம் வரும். பல நாட்கள் கடலில் தங்கி, செவுள்வலை விரித்து, சூரை முதலிய மீன்களைப் பிடித்து வரும் படகுகளுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. அண்மையில் அங்கே சென்றிருந்தபோது, கரையில் அமர்ந்து வலை பழுதுபார்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். பேச்சு வலையிலிருந்து கயிற்றுக்கும், கயிற்றிலிருந்து கத்திக்கும் வந்தது. அவர் இரண்டு மடக்குக் கத்திகளை எடுத்து முன்னே வைத்தார்.

ஒன்று கண்ணாடிபோல் பளபளத்தது. அதன் அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்திருந்தது. மற்றொன்றின் அலகு ஏதோ ஒரு கொல்லர் பட்டறையில் அடித்தது. கறுத்து, ஆங்காங்கே துருவேறி, பல முறை தீட்டியதால் தேய்ந்து போயிருந்தது.

"இது பாக்க நல்லாத்தான் இருக்கு தம்பி. கயிறு மேல வச்சா வழுக்கிட்டுப் போவுது. அது துருப்பிடிக்கும், ஆனா வெட்டும். இதுல எது நல்ல கத்தி? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்றார் பெரியவர்.

வாசகர்களே, இக்கேள்வி அற்பமானது அன்று. வலை கடலில் இறங்கும்போது கயிற்றுச் சுருளில் ஒருவர் கால் அகப்பட்டுக் கொண்டால், அக்கயிற்றை அறுக்க அதிக நேரம் கிடைக்காது. அப்போது கத்தி திறக்க வேண்டும். திறந்தால் வெட்ட வேண்டும். கரையில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கடைத்தெருவில் குறைந்த விலைக்கு விற்கும் மடக்குக் கத்திகளை நாம் எல்லோருமே பளபளப்பையும் பொறிப்பையும் பார்த்துத்தான் வாங்குகிறோம். அவை இரண்டும் கத்தியின் தரத்தைக் காட்டுமா? ஆராய்ந்து பார்ப்போம்.

காந்தம் சொல்வது என்ன?

நம்மிடம் ஒரு சிறு காந்தம் இருந்தது. அதைப் பளபளக்கும் கத்தியின் அருகே கொண்டு சென்றதும் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. பெரியவர் முகம் சுளித்தார். "காந்தம் பிடிச்சா அது மட்டமான எவர்சில்வர்னு பாத்திரக்கடை அண்ணாச்சி சொல்வாரே!" என்றார்.

பாத்திரக்கடை அண்ணாச்சி சொல்வது பாத்திரத்துக்குப் பொருந்தும். கத்திக்குப் பொருந்தாது. இதை நாம் முதலில் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும்.

நம் வீட்டுத் தம்ளர், தட்டு முதலியவற்றின் சிறந்த வகை எவர்சில்வரில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்திருக்கும். நிக்கல் கலந்ததால் அந்த எஃகின் அணு அமைப்பு மாறிவிடுகிறது. இரும்பு மிக உயர்ந்த வெப்பத்தில் மட்டுமே பெறக்கூடிய அமைப்பை அது அறை வெப்பநிலையிலும் வைத்துக் கொண்டிருக்கும். இவ்வமைப்புக்கு ஆஸ்டெனைட் என்று பெயர். இதைக் காந்தம் ஈர்ப்பதில்லை. துருவும் எளிதில் அண்டாது. ஆனால் இதைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டுக் கடினமாக்க இயலாது. ஆகவே இதில் செய்த கத்தி தயிர்ச்சோற்றைத்தான் வெட்டும்!

வெட்டும் கத்திக்கு வேறோர் அமைப்பு தேவை. அதன் பெயர் மார்ட்டன்சைட். இது காந்தத்தால் ஈர்க்கப்படும். எனவே கத்தி வாங்கும்போது காந்தச் சோதனையைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். அலகில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அக்கத்தியைத் திருப்பிக் கொடுத்து விடலாம். ஒட்டினால் முதல் தேர்வில் தேறியது என்று பொருள். முதல் தேர்வில் மட்டுமே!

கரியும் குரோமியமும்

அடுத்த தேர்வு என்ன என்பதை அறிய, எஃகு எவ்வாறு கடினமாகிறது என்பதைக் காண்போம்.

தூய இரும்பு மென்மையானது. அதனுடன் சிறிதளவு கரி, அதாவது கார்பன், சேரும்போது அது எஃகாகிறது. கட்டடக் கம்பி போன்ற மெல்லெஃகில் ஏறத்தாழ 0.2 விழுக்காடுதான் கரி இருக்கும். கத்திக்கு 0.5 முதல் 1 விழுக்காடு வரை வேண்டும். பழந்தமிழகத்தில் மூசையிலிட்டு உருக்கி, 'ஊட்ஸ்' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற எஃகில் 1 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கரி இருந்தது. லண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து மைக்கேல் பாரடே 1820ஆம் ஆண்டையொட்டி அதை ஆராய்ந்தார்.

கரி இருந்தால் மட்டும் போதாது. எஃகை ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்குக் காய்ச்சினால், கரி அணுக்கள் இரும்பினுள் கரைந்து பரவுகின்றன. அந்நிலையில் எஃகைத் திடீரென்று நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தினால், கரி அணுக்களுக்கு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. உள்ளேயே சிக்கிக்கொண்டு, இரும்பின் அணு அடுக்கை நெருக்கி நிறுத்துகின்றன. இந்த நெருக்கமே கடினம். ஆனால் இந்நிலையில் எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகையால் மீண்டும் 200 பாகையளவில் இளஞ்சூடாக்கி அதன் முறுக்கைச் சற்றுத் தணிக்க வேண்டும். கொல்லர் 'தோய்ச்சல்' என்று கூறுவது இதைத்தான். தென் மாவட்டங்களில் பழைய லாரியின் வில்பட்டையை அடித்து அரிவாள் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்பட்டையில் 0.5 முதல் 0.6 விழுக்காடு கரி உண்டு. தோய்ச்சல் சரியாக அமைந்தால் அது மிக நல்ல அலகாகும்.

இனி, துருவுக்கு வருவோம். எஃகில் 10.5 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் இருந்தால், அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டாகிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் மீண்டும் மூடிக்கொள்ளும். இப்படலமே காவல். ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கரிக்கும் குரோமியத்துக்கும் நட்பு மிகுதி. கரியைக் கூட்டினால், அது குரோமியத்தின் ஒரு பகுதியைத் தன்னுடன் இணைத்துக் கார்பைடு என்னும் கடினத் துகள்களாக்கி விடுகிறது. துகளில் அடைபட்ட குரோமியம் காவலுக்கு வருவதில்லை. நன்றாக வெட்ட வேண்டுமானால் கரி வேண்டும். துருவாமல் இருக்க வேண்டுமானால் கரி குறைய வேண்டும். விலை குறைந்த கத்திகளின் குறைகளுக்கெல்லாம் வேர் இந்த முரண்பாட்டில்தான் இருக்கிறது.

ஷெபீல்டிலும் இதே குறை

பெரியவர் சொன்ன குறையை நூறாண்டுகளுக்கு முன்பே ஷெபீல்டுக் கத்தி வினைஞர்கள் சொன்னார்கள் என்றால் வியப்பாக இருக்கும். இங்கிலாந்தின் அந்த நகரில், துப்பாக்கிக் குழல் அரிக்கப்படுவதைத் தடுக்க வழி தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, 1913 ஆகஸ்டில் 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கரியும் கொண்ட எஃகை வார்த்தார். இது கத்திக்கு ஏற்றது என்று அவர் சொன்னபோது வினைஞர்கள் நம்பவில்லை. செய்து பார்த்த கத்திகள் வெட்டவில்லை. 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று அவரைக் கேலி செய்தார்கள்.

பிறகு எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற வினைஞர் பல முறை முயன்று அதைக் கத்தியாக்கினார். இவ்வகை எஃகைக் கடினமாக்க, சாதாரணக் கரி எஃகைவிட உயர்ந்த வெப்பம், அதாவது ஏறத்தாழ 1,000 பாகையோ அதற்கு மேலோ, தேவைப்படும். பழைய உலையில் பழைய கணக்கில் காய்ச்சினால் அது மென்மையாகவே இருந்துவிடும்.

அன்று ஷெபீல்டில் அறியாமையால் நேர்ந்தது, இன்று சிக்கனத்தால் நேர்கிறது. குறைந்த கரியுள்ள மலிவான தகட்டை வெட்டி, அரைகுறையாகப் பதப்படுத்தி, நன்றாக மெருகேற்றிவிட்டால் கடையில் விற்றுவிடும். 'ஸ்டெயின்லெஸ்' என்ற பொறிப்பு பொய் அன்று. துருவைப் பற்றி மட்டும் பேசி, வெட்டைப் பற்றி வாய் திறவாமல் இருக்கிறது!

பொறிப்புகளைப் படிக்கும் முறை

சில கத்திகளில் எஃகின் வகையையே பொறித்திருப்பார்கள். இவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பயனுண்டு.

சீனாவில் குவாங்டோங் மாநிலத்து யாங்ஜியாங் நகரம் கத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. சீனக் கத்திகளில் '3சிஆர்13', '8சிஆர்13எம்ஓவி' போன்ற பொறிப்புகளைக் காணலாம். முதல் எண்ணைப் பத்தால் வகுத்தால் கரியின் விழுக்காடு கிடைக்கும். 'சிஆர்' என்பது குரோமியம். அதையடுத்த எண் அதன் விழுக்காடு. 'எம்ஓ' மாலிப்டினம், 'வி' வனேடியம். ஆகவே முதலாவதில் 0.3 விழுக்காடு கரிதான். அது விரைவில் மழுங்கும். இரண்டாவதில் 0.8 விழுக்காடு. குறைந்த விலைக்கு இது மதிக்கத்தக்க எஃகு.

'440' என்று மட்டும் பொறித்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். 440ஏ, 440பி, 440சி என மூன்று வகைகள் உண்டு. ஏ வகையில் கரி 0.60 முதல் 0.75 விழுக்காடு, சி வகையில் 0.95 முதல் 1.20 வரை. உயர்ந்த வகையைப் பயன்படுத்தியவர் 'சி' என்ற எழுத்தைப் பொறிக்க மறப்பாரா? 'டி2' என்பது இன்னொன்று. 1.5 விழுக்காடு கரியும் 12 விழுக்காடு குரோமியமும் கொண்டது. கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பைடில் அடைபட்டிருப்பதால் கடற்கரையில் இது துருவும். 'ஜப்பான் ஸ்டீல்', 'சர்ஜிகல் ஸ்டீல்' என்ற பொறிப்புகள் எந்த எஃகையும் குறிப்பன அல்ல. அவை விளம்பரச் சொற்கள்.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நல்ல எஃகின் பெயர் மட்டும் கத்தியை நல்லதாக்கி விடாது. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தியின் எஃகில் ஏறத்தாழ 0.5 விழுக்காடு கரிதான். பெயரளவில் அது நடுத்தரமே. ஆயினும் சீராகப் பதப்படுத்தி, ராக்வெல் அளவில் 56 என்னும் கடினத்துக்குக் கொண்டுவந்து, மெல்லிய அலகாக்கித் தருவதால் அது நன்றாக வெட்டுகிறது. உயர்ந்த எஃகு, தாழ்ந்த தோய்ச்சல் என்பதைவிட, நடுத்தர எஃகு, நல்ல தோய்ச்சல் என்பது மேல்.

நீங்களே சோதிக்கலாம்

தோய்ச்சலைப் பொறிப்பு சொல்லாது. அதை அறிய இதோ சில எளிய வழிகள். சிறுவர்கள் இவற்றைப் பெரியவர் துணையின்றிச் செய்ய வேண்டா.

முதலாவது, அரச் சோதனை. நல்ல அரம் பெரும்பாலான எஃகுக் கத்திகளைவிடக் கடினமானது. அலகின் அடிப்பகுதியில், கைப்பிடிக்கு அருகே, மெல்ல ஒரு முறை இழுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு அரிதாகவே கடித்தால் அலகு கடினமானது. ஆணியைக் கடிப்பதுபோல் எளிதில் கடித்துத் தூள் உதிர்த்தால் அது மென்மையானது. பெரியவரின் பளபளப்புக் கத்தியில் அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. கறுத்த கத்தியில் வழுக்கிற்று. வழக்கு அங்கேயே பாதி தீர்ந்தது.

இரண்டாவது, கயிற்றுச் சோதனை. புதுக் கத்தி தாளை அழகாகக் கிழிப்பதைக் காட்டிக் கடைக்காரர் நம்மை மயக்குவார். மென்மையான இரும்பைக்கூடத் தீட்டினால் தாளை வெட்டும். எவ்வளவு கூர் என்பது சாணைக்கல்லைப் பொறுத்தது. அக்கூர் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதே எஃகைப் பொறுத்தது. ஐ.எஸ்.ஓ. 8442-5 என்னும் பன்னாட்டுத் தரமுறையில், மணற்சத்தான சிலிக்கா கலந்த அட்டையை எந்திரத்தால் மீண்டும் மீண்டும் வெட்டச் செய்து இதனை அளக்கிறார்கள். வீட்டில் தேங்காய்நார்க் கயிறு போதும். ஒப்பிட வேண்டிய கத்திகளை ஒரே கல்லில் ஒரே சாய்வில் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு பலகைமேல் ஒரே கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணிக் கொண்டு வாருங்கள். எத்தனையாவது வெட்டில் அலகு வழுக்கத் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டால், எந்தக் கத்தி மேல் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது, உப்புச் சோதனை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதே அளவு உப்புக் கரைத்த நீரில் துணியை நனைத்து, கத்தியை ஓர் இரவு சுற்றி வையுங்கள். உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் குரோமியப் படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கக் கூடியவை. 'துருப்பிடிக்காத' எஃகும் கடலோரத்தில் புள்ளி புள்ளியாய் அரிக்கப்படுவது இதனால்தான். காலையில் அலகை மட்டும் பார்க்காதீர்கள்; மூட்டையும் பாருங்கள்.

மூட்டே பலவீனம்

மடக்குக் கத்திக்கு அலகு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் மூட்டு. குறுகிய இடுக்கில் தேங்கிய உப்புநீரில் உயிர்வளி குறைந்துவிடும். உயிர்வளியின்றிப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. ஆகவே வெளியே மின்னும் கத்தி உள்ளே இறுகிப் போகும். கரி எஃகு அலகுக்குப் பித்தளைப் பூண் போட்டிருந்தால், உப்புநீரில் இரு உலோகங்களும் மின்கலம்போல் செயற்பட்டு, எஃகு விரைந்து அரிக்கப்படும்.

உலகெங்கும் எளிய, நல்ல கத்திக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது பிரான்சு நாட்டின் ஒப்பினெல் கத்தி. 1890 முதல் செய்யப்படுகிறது. 0.9 விழுக்காடு அளவு கரியுள்ள அதன் கரி எஃகு அலகு அருமையாக வெட்டும். ஆனால் அதன் மரப்பிடி நீரில் ஊறினால் உப்பி மூட்டை இறுக்கிவிடும். தோட்டத்துக்கும் சமையலறைக்கும் நல்லதான அக்கத்தி படகுக்கு ஏற்றதன்று. பொருளின் மதிப்பு அது பயன்படும் இடத்தைப் பொறுத்தது என்பதற்கு இது சான்று.

வாங்கும்போது கத்தியைத் திறந்து, அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டா. பூட்டு உள்ள கத்தியானால், விரல்கள் மடிப்பில் வராதபடி பிடித்து, அலகின் முதுகைப் பலகையில் மெல்ல அழுத்துங்கள். பூட்டு நழுவினால் அது ஒரு நாள் உங்கள் விரலில் மடங்கும்.

எது மலிவு?

ஓர் எடுத்துக்காட்டாக, 100 ரூபாய்க் கத்தி நான்கு மாதத்தில் பயனற்றுப் போகிறது என்று கொள்வோம். ஐந்தாண்டில் 15 கத்திகள், 1,500 ரூபாய். 500 ரூபாய்க் கத்தி ஒன்றும் 150 ரூபாய்ச் சாணைக்கல் ஒன்றும் வாங்கி, ஐந்தாண்டு காத்தால் செலவு 650 ரூபாய்தான். ஆனால் 500 ரூபாய் கொடுத்ததனாலேயே அது நல்ல கத்தி ஆகிவிடாது. காந்தமும் அரமும் உப்புநீரும் தேர்வு நடத்திய பிறகே அந்தக் கணக்கு செல்லும். கரிக்குப் பதில் நைட்ரஜனைச் சேர்த்து, கடலிலும் துருவாத, நன்றாகவும் வெட்டுகிற எஃகு வகைகளும் இன்று உண்டு. அவற்றின் விலை நம் பேச்சுக்கு அப்பாற்பட்டது.

பராமரிப்பும் விலையில் சேரும். கரைக்கு வந்ததும் நல்ல நீரில் கழுவி, திறந்த நிலையில் உலர்த்தி, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய் விட்டால், கரி எஃகுக் கத்தியும் பல்லாண்டு உழைக்கும். மேல்துரு கத்திக்குச் சாவு அன்று. தேய்த்துத் தீட்டினால் போய்விடும். மென்மையான அலகை எத்தனை தீட்டினாலும் கடினமாக்க முடியாது.

பெரியவருக்குச் சொன்ன விடை

"கறுத்த கத்திதான் நல்ல கத்தி, ஐயா. ஆனால் கால் கயிற்றில் சிக்கும் நேரத்துக்கு இரண்டுமே உதவாது" என்றோம். அவர் வியப்புடன் பார்த்தார்.

நகத்தால் நெம்பித் திறக்கும் மடக்குக் கத்திக்கு இரண்டு கைகள் வேண்டும். ஒரு கையால் படகைப் பற்றிக்கொண்டிருப்பவரால், அதுவும் ஈரக் கையால், அதைத் திறக்க இயலுமா? மூட்டு உப்பில் இறுகியிருந்தால் என்ன ஆகும்? வலை கட்டவும் நூல் அறுக்கவும் மடக்குக் கத்தி போதும். உயிர் காக்க, மடங்காத உறைக்கத்தி ஒன்று, முடிந்தால் ரம்பப் பல்லுடன், படகில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், எட்டும் உயரத்தில் கட்டியிருக்க வேண்டும். நைலான் கயிற்றை வழுக்காமல் பற்றி அறுக்கப் பல்லுள்ள அலகே சிறந்தது.

பெரியவர் சற்று யோசித்தார். பளபளப்புக் கத்தியை எடுத்து, "அப்ப இத வச்சு என்ன செய்ய?" என்று கேட்டார். பழம் நறுக்கலாம் என்றோம். சிரித்துக்கொண்டே அதை மடித்து வைத்துவிட்டு, கறுத்த கத்தியால் நூலை அறுத்து வேலையைத் தொடர்ந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். இன்று மாலை அதனருகே ஒரு காந்தத்தைக் கொண்டு சென்று பாருங்கள். பின் அரத்தால் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். அதன்மேல் என்ன பொறித்திருக்கிறது என்பதைக் கடைசியாகப் படியுங்கள்.